எட்டுக் கிரகம் கூடிய தை மாதம்

நீலாஞ்சனாவின் தாலி இறங்கியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கணவன் சம்பவநாதன் விஷ ஜுரத்தில் பதினெட்டு நாள் கிடந்து போனான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மாமியார் வீட்டில் யாரோ அவளுடைய ஜாதகத்தைத் தேடி எடுத்துப் பிரித்தார்கள். எட்டாம் இடத்தில் செவ்வாய் இருந்தது. ஏழு மாதம் முன்னால் அதே ஜாதகத்தைப் பார்த்துப் பொருத்தம் சொன்ன மனிதரே இப்போது அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக்காட்டி, இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று உச்சுக் கொட்டினார். அந்த வருஷம் அந்தத் தெருவில் ஐந்து பேருக்கு அதே ஜுரம் வந்தது. ஐந்து வீடும் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அவளைத் திரும்பச் செஞ்சிக்குக் கூட்டிவந்தவர் பெரியப்பா சந்திரநாதன். அவள் அப்பா முன்பே காலமாகிவிட்டதால் தாய் ருக்மணிக்கும் மகளுக்கும் அவர்தான் எல்லாம். தொண்டூரில் பூர்வீக நிலம், செஞ்சியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம், திண்டிவனம் சாலையில் புதிதாக வாங்கிய மூன்று ஏக்கர் என்று நன்றாக இருந்த ஜைனக் குடும்பம். ஊரில் அவரை நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொன்ன சொந்தக்காரர்களிடம், மூலையில் உட்கார்ந்து அவள் என்னத்தைக் காணப்போகிறாள் என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு அவளைத் தாமே பஸ் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். செவ்வாய்க்கு உரிய தீர்த்தங்கரர் வாசுபூஜ்யர் என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை தோறும் அவள் பேரில் பூஜை செய்யவைத்தவரும் அவரே. இரண்டிலும் அவருக்குக் கள்ளம் கிடையாது. செவ்வாய் அவளைக் கெடுத்தது என்று நம்பினார். படிப்பு அவளைக் காப்பாற்றும் என்றும் நம்பினார்.

வேலைக்கு வந்த முதல் வருஷத்தில், கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த வானநூல் புத்தகம் ஒன்று நீலாஞ்சனாவுக்குக் கிடைத்தது. அவள் முதலில் தேடிப் புரட்டியது செவ்வாயைத்தான். பூமியின் குறுக்களவில் பாதி. பகலும் இரவும் ஏறக்குறைய நம்முடையதைப்போல. லேசான காற்று, குளிர், துரு நிறத்து மண். அந்த மங்கலான படத்தைப் பார்த்தபடி இருந்தபோது, இதற்குத் தன் பெயர் தெரிய வழியே இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. உடனே அழுகை வந்துவிட்டது. சம்பவநாதன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அன்று சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு கையில் சிக்கியதையெல்லாம் படித்தாள். எதைக் கிரகம் என்பது, எதை இல்லை என்பது என்கிற விஷயம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஜாதகத்தில் ஒன்பது. அதில் சூரியன் நட்சத்திரம். சந்திரன் பூமியைச் சுற்றுகிற துணைக்கோள். ராகுவும் கேதுவும் ஒரு பொருளே கிடையாது, வானத்தில் சந்திரன் போகும் பாதையும் சூரியன் போகும் பாதையும் ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு இடங்கள். மிச்சம் ஐந்துதான். காலுக்குக் கீழே இருக்கிற பூமியை யாரும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. அதையும் சேர்த்து, தொலைநோக்கியில் அகப்பட்ட யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோவையும் சேர்த்தால் மறுபடி ஒன்பது.

நடுவில் ஸீரிஸ் என்று ஒன்று வந்துபோயிருந்தது. அதைக் கண்டுபிடித்து ஐம்பது வருஷம் போலக் கிரகம் என்றே புத்தகங்களில் எழுதினார்கள். பிறகு அதே வட்டாரத்தில் அதைவிடச் சின்னச் சின்னதாக ஒவ்வொன்றாய்க் கண்ணில் பட்டு, நூறு தாண்டி ஆயிரமும் தாண்டியது. அத்தனை சேர்வதற்கு முன்பே, இது தனிக் கிரகம் இல்லை, ஒரு கூட்டத்தில் பெரியது, அவ்வளவுதான் என்று ஸீரிஸைப் பட்டியலிலிருந்து எடுத்துச் சிறுகோள் என்று வேறு வகையில் வைத்துவிட்டார்கள். புளூட்டோ எத்தனை பெரியது என்பதே இன்னும் நிச்சயமில்லை என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தது. படித்தவர்கள் தாங்கள் போட்ட பட்டியலைத் தாங்களே அடித்துத் திருத்துகிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவளுடைய ஜாதகத்தை யாரும் திருத்தித் தரவில்லை.

பதினான்கு வருஷம் இப்படிப் போயிற்று. பிலவ வருஷம் தை மாதம், அறுபத்திரண்டு பிப்ரவரி தொடக்கத்தில், மகர ராசியில் எட்டுக் கிரகம் ஒன்றுகூடப் போகிறது, உலகம் தாங்காது என்று நாடு முழுக்கப் பேச்சாயிற்று. செஞ்சிக்கும் அந்தப் பேச்சு வந்தது. ராஜகிரி மலை பிளந்து பாறைகள் ஊருக்குள் உருளும் என்றார்கள். வெளியூரில் வேலை செய்கிறவர்கள் செத்தாலும் குடும்பத்தோடு சாகலாம் என்று ஊர் வந்து சேர்ந்தார்கள். கிரகம் கூடும் ஞாயிற்றுக்கிழமையே தை அமாவாசையும் வந்ததால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் பஸ்களில் கூரைமேலும் ஆள் ஏறினார்கள். நீலாஞ்சனாவின் ஐந்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பதினெட்டுப் பேர்தான் வந்தார்கள்.

தலைமையாசிரியர் பொன்னுசாமி, நாலு நாள் போனால் எல்லாம் தானாக அடங்கிவிடும், பேசாமல் விடுங்கள் என்றார். அவளால் விட முடியவில்லை. சூரியன், சந்திரன், கேதுவையும் சேர்த்துச் சொன்ன எட்டு என்கிற எண்ணே பொய் என்று தெரிந்திருந்தும் சும்மா இருப்பது, அந்த ஜாதகத்துக்குத் தலையாட்டுவதுபோல அவளுக்குப் பட்டது. சாயங்காலம் பள்ளி விட்டதும் வராத பிள்ளைகளின் வீடுவீடாகப் போனாள். கரும்பலகையில் எழுதுவதுபோலத் தரையில் விரலால் வட்டம் போட்டுக்காட்டிப் பேசினாள். சிலர் மோர் கொடுத்து அனுப்பினார்கள். சிலர் அவள் தலையில் பூவில்லாததைப் பார்த்துவிட்டுக் கதவை முழுதாகத் திறக்காமலே பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வெளியே சேரியில் மங்கை என்கிற பிள்ளையின் வீட்டுக்குப் போனாள். மங்கையின் அப்பா ஆதிமூலம் கிணறு வெட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். அப்போது அவர் வேலை செய்தது சந்திரநாதனின் திண்டிவனம் சாலை நிலத்துக் கிணற்றில்தான். கரன்ட் கம்பம் வந்துவிட்டது, மோட்டாருக்குச் சொல்லியாயிற்று, அது வருவதற்குள் கிணற்றை இன்னும் பத்தடி ஆழமாக்க வேண்டும் என்று நைனார் எட்டு ஆட்களை விட்டிருந்தார். ஆதிமூலம் முன்னால் நின்று நடத்துகிறவர்.

அவர் மனைவி பூவாயி வாசலில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் உட்கார ஒரு சாக்கை உதறி விரித்தார்கள். நீலாஞ்சனா உட்கார்ந்தாள். அவர்களை நீங்க என்றுதான் கூப்பிட்டாள். பெரியப்பாவுக்கு அது பிடிக்காது.

ஆதிமூலத்தைப்போல யாரும் அந்த வாரத்தில் அவளைக் கேள்வி கேட்கவில்லை. ராகு இல்லையென்றால் கிரகணம் எப்படிப் பிடிக்கிறது என்றார். அவள் ஒரு மல்லாட்டையையும் முறத்தையும் வைத்துக் காட்டினாள். சூரியனை ஏன் கிரகம் இல்லை என்கிறார்கள் என்றார். அது சொந்த வெளிச்சத்தில் எரிகிறது, மற்றவை அதைச் சுற்றிவருகின்றன, அப்படிச் சூரியனைச் சுற்றுகிறதுதான் கிரகம் என்றாள். அப்படியானால் சுற்றுகிற கல்லெல்லாம் கிரகமா என்று அவர் கேட்டபோது அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஸீரிஸின் கதையை முழுக்கச் சொன்னாள்.

ஆதிமூலம் சிரித்தார்.

"நாங்களும் மண்ண அப்பிடித்தான் டீச்சரம்மா பிரிப்போம். மேல செம்மண்ணு, அப்பால சுக்கான், அதுக்கும் கீழ பாறை. ரெண்டுங்கெட்டானா ஒண்ணு வரும். அது செம்மண்ணா சுக்கானான்னு எங்களுக்குள்ள சண்டையே வந்துடும். ஆனா கரை நிக்கணும்னா அது இன்னான்னு தெரிஞ்சே ஆவணும்."

அதைச் சொன்னவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நைனாரு கெணத்துல மேற்குக் கரை அந்த மாதிரிதான் இருக்குது. நாலு நாளா வெடிப்பு உட்டிருக்குது. ஞாயித்துக்கெழம எறங்க எனக்கு மனசில்ல."

நீலாஞ்சனாவின் காதில் ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் விழுந்தது. வாரம் முழுக்க இருபது வீட்டில் அதே வார்த்தையைக் கேட்டவள் அவள். ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வெளியே விடமாட்டேன். இவ்வளவு நேரம் பேசி, இவ்வளவு புரிந்துகொண்ட மனிதரும் அங்கேயே வந்து நின்றுவிட்டாரே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"இவ்ளோ வெவரமா கேட்ட நீங்களே பயந்தா எப்படி? ஞாயித்துக்கெழமயும் மத்த நாள் மாதிரி ஒரு நாள்தான். நீங்க போனா மத்தவங்களுக்கும் தைரியம் வரும்" என்றாள்.

ஆதிமூலம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரிங்க டீச்சரம்மா" என்றார். பூவாயி முறத்திலிருந்து தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள். நீலாஞ்சனா நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு நடந்தாள். ஜைன வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே என்று அம்மா தட்டைப் போட்டுக் காத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே நீலாஞ்சனா அம்மாவிடம், அந்தக் கிணறு வெட்டுகிற மனிதருக்கு இருக்கிற மூளை பெரியப்பாவுக்கு இல்லை என்று சொன்னாள்.

பெரியப்பா மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே குடும்பத்தோடு மேல்சித்தாமூர் கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டார். மூன்று நாள் அங்கே தங்கிப் பூஜை. கிணற்று வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. மோட்டார் வரும் தேதி நெருங்கிவிட்டதால், வருகிற ஆளை வைத்து நடத்தட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு ஆளில் மூன்று பேர் வந்தார்கள். ஆதிமூலம், பூவாயியின் தம்பி பெரியதம்பி, இன்னொரு கிழவர். வழக்கமாக மேலே கரையைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவர் நிற்பார். மண் உதிர்ந்தால் குரல் கொடுப்பது அவர் வேலை. அன்று அந்த ஆள் மேல்மலையனூரில் இருந்தான். கிழவரும் பெரியதம்பியும் மேலே கூடை இழுத்தார்கள். ஆதிமூலம் மட்டும் உள்ளே இறங்கினார். உச்சி வேளையில் மேற்குக் கரை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது.

பெரியதம்பி சாலைக்கு ஓடிக் கத்தினான். வேறு நாளாக இருந்தால் அந்தச் சாலையில் வண்டிகளும் ஆட்களும் நிறைந்திருக்கும். அன்று ஒருவரும் இல்லை. வீடுகளில் கதவைச் சாத்தி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். தட்டினாலும் சிலர் திறக்கவில்லை. பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

செய்தி நீலாஞ்சனாவுக்கு எட்டியபோது மூன்று மணி இருக்கும். செருப்பைக்கூட மாட்டாமல் போனாள். கிணற்றைச் சுற்றி ஆட்கள் மண்ணை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். பூவாயி மோட்டாருக்குக் கட்டிய புதுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை. உள்ளே வேலை செய்பவர்களிடம், அந்தப் பக்கம் கடப்பாறை போடாதீங்க, அங்கதான் கால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பொழுது இறங்கும் நேரத்தில் ஆதிமூலத்தை மேலே தூக்கினார்கள். வாயெல்லாம் மண்.

நீலாஞ்சனாவுக்கு அப்போதுதான் அவர் சொன்னது முழுதாகக் காதில் கேட்டது. மேற்குக் கரை. வெடிப்பு. நாலு நாளாக.

திங்கட்கிழமை காலை ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரித்தார். சித்தாமூரிலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். இரவெல்லாம் தூங்காத முகம். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கரையில் பழுது இருந்தது தமக்குத் தெரியாது என்றார். எட்டுக் கிரகமும் கூடிய நாளில் பூமிக்குள் இறங்கலாமா, நான் ஊரில் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டேன் என்றார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

பெரியதம்பி முன்னால் வந்து, வெடிப்பு இருந்தது, மாமா அதை நைனாரிடம் புதன்கிழமையே சொன்னார் என்றான். இறந்தவனுக்கு நீ என்ன உறவு என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். மச்சான் என்றான். உறவுக்காரர் அல்லாத வேறு யாராவது வெடிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களா என்று அவர் சுற்றிலும் பார்த்துக் கேட்டார். கூடை இழுத்த கிழவர் நைனாரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பூவாயி நீலாஞ்சனாவைப் பார்த்தாள்.

நீலாஞ்சனா அப்போது பெரியப்பாவைத்தான் பார்த்தாள். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்குப் போன அன்று பஸ் ஸ்டாண்டில் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற மனிதர். அதற்கும் மேலே இன்னொன்று அவளைத் தடுத்தது. வெடிப்பைப் பற்றி என்னிடம் சொன்னார் என்று ஆரம்பித்தால், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அவள் வாய் திறக்கவில்லை. சப் இன்ஸ்பெக்டர் இன்னும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து, எதிர்பாராத மண் சரிவு என்று எழுதினார். நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கட்டைவிரல் வைத்தார்.

அன்று பொழுது சாய்ந்தது, மறுநாள் விடிந்தது. மலை அப்படியே இருந்தது. ஊரில் சிரித்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள். ஆனால், எட்டும் கூடி ஒரு பலியாவது வாங்காமல் போகவில்லை, அந்த டீச்சர் பேச்சைக் கேட்டுத்தான் அவன் இறங்கினான் என்றும் பேசிக்கொண்டார்கள். அவளுடைய எட்டில் செவ்வாயும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டது. பொன்னுசாமி அவளைத் தனியே கூப்பிட்டு, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், படிக்காத ஜனங்கள் என்று தேற்றினார்.

அவளுக்கு அந்தப் பழி சுடவில்லை. கிரகத்தை அவமதித்தாள் என்பது பொய்யான குற்றம். எத்தனை பேர் சொன்னாலும் அது அவள்மேல் ஒட்டாது. அவள் செய்த குற்றம் வேறு. அது பூவாயி ஒருத்திக்குத்தான் தெரியும். பூவாயி யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஒரு மாதம் போல இழுத்தடித்து, பங்குனி பிறந்தபிறகு ஒருநாள் நீலாஞ்சனா சேரிக்குப் போனாள். சாக்கு விரிக்கவில்லை. அவள் வாசலில் நின்றபடியே பேசினாள். ஞாயிற்றுக்கிழமை போகச் சொன்னது நான்தான், என்னால்தான் இப்படி ஆயிற்று என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பூவாயி அவளை அழ விட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க சொன்னதுல தப்பு இன்னா இருக்குது டீச்சரம்மா? கிரகம் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னீங்க. அது ஒண்ணும் பண்ணல. அவரு கரையப் பத்திச் சொன்னாரு. நீங்க கிரகத்தப் பத்திப் பதில் சொன்னீங்க."

நீலாஞ்சனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதக்கூட நான் உட்டுடுவேன். பேச்சு சுவாரசியத்துல காதுல உழாம போயிருக்கும். வெடிப்புன்னு இன்னொரு தபா சொல்லியிருக்கலாம், அவரும் சொல்லல. நீங்க அவர வெவரமானவருன்னு சொன்னீங்கன்னு அன்னிக்கி ராவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அப்பால எப்பிடிப் போவாம இருப்பாரு? ஆனா அன்னிக்கி கெணத்தாண்ட நான் உங்களப் பாத்தேன். நீங்க என்னப் பாக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.

அந்த வாரமே நீலாஞ்சனா நடந்ததை எல்லாம் நான்கு பக்கம் எழுதினாள். ஆதிமூலம் தன்னிடம் சொன்னது, தான் பதில் சொன்னது, விசாரணையில் வாய் மூடி நின்றது, ஒன்றையும் விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு மேலதிகாரிக்கு ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பிறகுதான் பெரியப்பா வீட்டுக்குப் போய் இப்படிச் செய்திருக்கிறேன் என்று சொன்னாள்.

சந்திரநாதன் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவர் அவளை எதிரே உட்காரச் சொன்னார்.

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே நீலா. உன்கிட்ட நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். வெடிப்பு எனக்குத் தெரியும். அவன் சொன்னான். முட்டுக் கொடுக்கணும்னா ஒரு வாரம் ஆவும், மோட்டார் வந்துடும், பத்து நாள் தாங்காதான்னு நெனைச்சேன். அத்தன நாள் நின்ன கரை அந்த நாள் பாத்து உழுந்துதே. அத நீ இன்னான்னு சொல்வ?"

"அன்னிக்கி மேல நிக்கிற ஆள் வரல பெரியப்பா" என்றாள் அவள்.

"ஏன் வரல? அதுவும் கிரகந்தானே?"

அவர் அதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. அப்படி நம்பித்தான் சொன்னார். அதை நம்பாவிட்டால் அவரால் அந்தக் கிணற்றுப் பக்கம் போயிருக்க முடியாது. நீலாஞ்சனாவுக்கு அது புரிந்தது. அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. எழுந்து வந்தாள். அதற்குப்பிறகு அவர் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. விசாரணை முறைப்படி முடிந்துவிட்டது, ஒரு மாதம் கழித்துச் சொல்லப்பட்டதை வைத்து மறுபடி எடுக்க முகாந்திரம் இல்லை என்று இரண்டு வரி. அதை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. பூவாயி மகளோடு தம்பி வீட்டுக்கு அவலூர்பேட்டைக்கே போய்விட்டாள், போய் இரண்டு மாதமாகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். மங்கையின் மாற்றுச் சான்றிதழ் பள்ளி அலமாரியிலேயே கிடந்தது. யாரும் கேட்டு வரவில்லை.

நீலாஞ்சனா தொடர்ந்து அதே பள்ளியில் வேலை பார்த்தாள். கிரகப் பாடம் வரும்போது பாடத்தை நடத்தினாள். முன்புபோல வீடுவீடாகப் போகவில்லை. வகுப்பில் ஏதாவது பிள்ளை இன்றைக்கு வயிறு வலிக்கிறது என்று சொன்னால், அது பொய் என்று நன்றாகத் தெரிந்தாலும், பக்கத்தில் போய் உட்கார்ந்து எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்பாள். சின்ன வயசு டீச்சர்கள் அதைப் பார்த்து, இந்த அம்மாளை ஏய்ப்பது சுலபம் என்று பேசிக்கொள்வார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடியில், அமெரிக்காக்காரர்கள் அனுப்பிய யந்திரம் செவ்வாயைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பியதாகச் செய்தித்தாளில் வந்தது. நூலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தாள். சந்திரனைப்போலவே குழி குழியாக, வெறும் தரை. இதைத்தானே அத்தனை வருஷம் காண ஏங்கினோம் என்று நினைத்தாள். பேப்பரை மடித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டாள்.

அறுபத்தேழில் அம்மா ருக்மணி காலமானாள். சொல்லியனுப்பியும் பெரியப்பா வரவில்லை; அவருக்கு அப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது என்றார்கள். அதற்கடுத்த மாசியில் ஒரு பள்ளி வேலையாக அவலூர்பேட்டைக்குப் போன நீலாஞ்சனா, வேலை முடிந்து பஸ்ஸுக்கு வரும் வழியில் சந்தைக்குள் நுழைந்தாள். வரிசையின் கடைசியில் கத்தரிக்காயும் அவரைக்காயும் குவித்துவைத்து உட்கார்ந்திருந்தாள் பூவாயி. தலை பாதி நரைத்திருந்தது. நீலாஞ்சனா நின்றுவிட்டாள். பூவாயிதான் முதலில் பேசினாள்.

"வாங்க டீச்சரம்மா. செஞ்சில மழை உண்டா?"

இல்லை என்றாள். அம்மாவைப் பற்றி விசாரித்தாள் பூவாயி. போய்விட்டதைச் சொன்னபோது, நல்ல மனுஷி என்று வருத்தப்பட்டாள். மங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்க நீலாஞ்சனாவுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"பெங்களூர்ல இருக்குது. கட்டட வேலை. அங்கேயே ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். இப்ப மாசமா இருக்குது" என்றாள் பூவாயி.

பதினாறு வயதுதான் ஆகியிருக்கும் என்று நீலாஞ்சனா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். வகுப்பில் கணக்கை முதலில் முடித்துவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அது. படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்டாள். பூவாயி சொத்தை இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கி நிறுத்து, பையில் போட்டாள். அதற்குள் இன்னொருவர் வந்து அவரைக்காய் விலை கேட்டார். பூவாயி அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீலாஞ்சனா பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். சந்தைச் சத்தம் அங்கேயும் கேட்டது. கண்டக்டர் இரண்டு தடவை எங்கே என்று கேட்டபிறகுதான் செஞ்சி என்றாள்.